ஸ்டிக்கரில் 1000 வாட்ஸ்... நிஜத்தில் எவ்வளவு? கார் ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பொருத்தம் பார்ப்பது எப்படி?

வெள்ளிக்கிழமை ராத்திரி. சென்னையில் வேலையை முடித்துவிட்டு, திருச்சி, புதுக்கோட்டை, அறந்தாங்கி வழியாக ஆவுடையார்கோவிலுக்குக் கிளம்புகிறார் ஓர் இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். 400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். துணைக்கு இருப்பது பாட்டு மட்டும்தான். சொந்த ஊருக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று, 2005-ல் வெளியான இளையராஜாவின் திருவாசகம் சிம்பொனி ஆல்பத்தைப் போடுகிறார். மாணிக்கவாசகர் அருள் பெற்றதாகச் சொல்லப்படும் திருப்பெருந்துறை, இந்த ஆவுடையார்கோவில்தான்.

வண்டி 90-ல் போகிறது. மெல்லிய இடங்களில் வயலின் காதிலேயே விழவில்லை, டயர் சத்தம் விழுங்கிவிடுகிறது. சவுண்டைக் கூட்டுகிறார். திடீரென கோரஸும் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து எழும்போது கதவு கடகடக்கிறது, குரல் கிழிகிறது. மறுபடி குறைக்கிறார். இப்படியே கூட்டிக் குறைத்து ஊர் வந்து சேர்கிறார்.

மறுநாள் கடைக்குப் போனால் பதில் தயாராக இருக்கும்: "தம்பி, கம்பெனி ஸ்பீக்கர் அப்படித்தான் இருக்கும். 1000 வாட்ஸ் ஆம்ப் ஒண்ணு, பேஸ் டியூப் ஒண்ணு போட்ருவோம். தெறிக்கும்!"

தெறிக்கத்தான் செய்யும். பல நேரம் தெறிப்பது ஸ்பீக்கரின் காயில். பல மாதச் சேமிப்பைக் கொட்டி செட் போட்டும் சவுண்ட் நன்றாக இல்லை என்றால், காரணம் பெரும்பாலும் பொருளின் தரம் இல்லை. ஒன்றுக்கொன்று பொருந்தாத பொருள்களைச் சேர்த்ததுதான். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். ஸ்பீக்கருக்கும் ஆம்புக்கும் ஐந்து பார்த்தால் போதும்.

அந்த '50×4' கணக்கு எங்கிருந்து வருகிறது?

கார் ஸ்டீரியோவின் பெட்டியைப் பாருங்கள். '50 வாட்ஸ் × 4' என்று பெரிதாக எழுதியிருக்கும். அதாவது நான்கு ஸ்பீக்கருக்கும் தலா 50 வாட்ஸ். உண்மையிலேயே கிடைக்கிறதா?

ஒரு சின்னக் கணக்கு. இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். கார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம். வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி, ஓமால் வகுத்தால் வாட்ஸ் வரும். 14.4 × 14.4 ÷ 4 = சுமார் 52 வாட்ஸ். பெட்டியில் இருக்கும் 50 வந்துவிட்டது!

ஆனால், அது முழு வோல்ட்டேஜும் நிறுத்தாமல் ஸ்பீக்கருக்குப் போனால் வரும் கணக்கு. அப்படிப் போகும்போது வருவது இசை இல்லை, இரைச்சல். சுத்தமான ஒலி அலைக்கு அதில் பாதிதான் மிஞ்சும். அதாவது ஏட்டளவில் 26 வாட்ஸ். உள்ளே இருக்கும் ஐ.சி. தின்றது போக, கையில் வருவது 18 முதல் 22 வாட்ஸ் வரைதான்.

ஆவுடையார்கோவில்காரர்களுக்கு இந்த வித்தை புதிதில்லை. குதிரை வாங்கப் பாண்டிய மன்னன் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் கோயில் பணியில் செலவிட, இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு அனுப்பினார், ராத்திரியே அவை மறுபடி நரிகளாகி ஊளையிட்டன என்பது தலபுராணக் கதை. ஸ்டிக்கர் வாட்ஸும் அப்படித்தான். கடையில் பரி, வண்டியில் நரி.

முதல் பொருத்தம்: ஆர்.எம்.எஸ். வாட்ஸ்

அப்படியென்றால் எந்த எண்ணை நம்புவது? 'மேக்ஸ்', 'பீக்' என்று எழுதியிருக்கும் எண்களைக் கண்டுகொள்ள வேண்டாம். அவை ஒரு நொடியின் சின்னத் துண்டில் தாங்கும் அளவாக இருக்கலாம், வெறும் விளம்பரமாகவும் இருக்கலாம். பார்க்க வேண்டியது 'ஆர்.எம்.எஸ்.' என்ற எண். தொடர்ந்து எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை ஆம்பிலும், தொடர்ந்து எவ்வளவு தாங்க முடியும் என்பதை ஸ்பீக்கரிலும் அது சொல்லும். பெட்டியில் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கையேட்டில் இருக்கும். எங்கேயுமே இல்லை என்றால், அந்தப் பொருளை வைத்துவிட்டு வந்துவிடுவது நல்லது.

பொதுவான விதி இதுதான்: ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். அளவுக்குச் சமமாகவோ, ஒன்றரை மடங்கு வரையிலோ ஆம்பின் ஆர்.எம்.எஸ். இருக்கலாம். 60 வாட்ஸ் ஸ்பீக்கருக்கு 60 முதல் 90 வாட்ஸ் கொடுக்கும் ஆம்ப்.

"ஆம்ப் பெருசா இருந்தா ஸ்பீக்கர் போயிடாதா?" என்று கேட்கலாம். வாட்ஸ் என்பது தொட்டியில் இருக்கும் தண்ணீர் மாதிரி. தொட்டி பெரிது என்பதற்காகக் குழாய் வெடிக்காது, முழுசாகத் திறந்துவிட்டால்தான் வம்பு. ஆனால், சின்ன ஆம்பும் ஸ்பீக்கரைக் கொல்லும். அது பலருக்குத் தெரிவதில்லை.

20 வாட்ஸ்தான் தர முடிந்த ஆம்பிடம் 60 வாட்ஸ் கேட்டால் என்ன ஆகும்? அலையின் உச்சியும் அடியும் வெட்டப்பட்டு, வளைவாக இருக்க வேண்டியது தட்டையாகிவிடும். இதைத்தான் 'கிளிப்பிங்' என்கிறார்கள். வெட்டப்பட்ட அலையில் சராசரி மின்சக்தி கூடும், மூலப் பாட்டில் இல்லாத உயர் அதிர்வெண்களும் முளைக்கும். அவை நேராகப் போய்ச் சேர்வது, எல்லாவற்றிலும் மென்மையான ட்வீட்டரிடம். 'புது ட்வீட்டர், மூணே மாசத்துல எரிஞ்சிடுச்சு' என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான்.

சிம்பொனி ஏன் கிழிந்தது, சினிமாப் பாட்டு ஏன் கிழியவில்லை?

இதற்கும் கணக்கு உண்டு. ஒலியை அளக்கும் டெசிபல் கணக்கில், 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட்ஸ் இரண்டு மடங்காக வேண்டும். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு. 20 டெசிபலுக்கு நூறு மடங்கு.

இன்றைய சினிமாப் பாட்டுகள் பலவும், சத்தம் கூடுதலாகத் தெரிவதற்காக அமுக்கித்தான் வெளிவருகின்றன. மெல்லிய இடத்துக்கும் உச்சத்துக்கும் இடைவெளி குறைவு. ஆர்கெஸ்ட்ரா பதிவில் இடைவெளி அதிகம். சராசரியாக 1 வாட்டில் ஓடும் பாட்டில், திடீரென 20 டெசிபல் உச்சம் வந்தால் அந்தக் கணம் ஆம்ப் 100 வாட்ஸ் கொடுக்க வேண்டும். 20 வாட்ஸ் ஸ்டீரியோ அங்கேதான் மூச்சு வாங்கியது. தனி ஆம்ப் தேவைப்படுவது காதைப் பிளக்க இல்லை, அந்த உச்சங்களில் கிழியாமல் இருக்க.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 500 வாட்ஸுக்குப் பதில் 1000 வாட்ஸ் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'கொஞ்சம் கூடியிருக்கு' என்று தோன்றும், அவ்வளவே. இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும்.

இரண்டாவது பொருத்தம்: ஓம்

ஓம் என்பது மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு. ஓம் குறையக் குறைய ஆம்பிலிருந்து கரண்ட் அதிகம் இழுக்கப்படும். அதனால் வாட்ஸும் கூடும், சூடும் கூடும். ஒவ்வோர் ஆம்பும் எத்தனை ஓம் வரை தாங்கும் என்று கையேட்டில் இருக்கும். அதற்குக் கீழே போனால் ஆம்ப் பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிடும், அல்லது எரிந்துவிடும்.

தப்பு நடக்கும் இடங்கள் மூன்று.

ஒன்று, ஒரே சேனலில் இரண்டு ஸ்பீக்கர் மாட்டுவது. 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாக மாட்டினால் மொத்தம் 2 ஓம் ஆகிவிடும். பல ஸ்டீரியோக்கள் 4 ஓமுக்குக் கீழே தாங்காது.

இரண்டு, பிரிட்ஜ் செய்வது. இரண்டு சேனலைச் சேர்த்து ஒரு ஊஃபருக்குக் கொடுக்கும்போது, ஒவ்வொரு சேனலுக்கும் தெரிவது பாதி ஓம்தான். 2 ஓம் ஊஃபரை பிரிட்ஜில் மாட்டினால், ஆம்புக்கு அது 1 ஓம். அதனால்தான் பெரும்பாலான ஆம்புகளில் 'பிரிட்ஜுக்குக் குறைந்தது 4 ஓம்' என்று போட்டிருக்கும்.

மூன்று, இரட்டைக் காயில் ஊஃபர். 'டூயல் 4 ஓம்' ஊஃபரை இணையாக இணைத்தால் 2 ஓம், தொடராக இணைத்தால் 8 ஓம். 'டூயல் 2 ஓம்' என்றால் 1 ஓம் அல்லது 4 ஓம். ஆம்ப் எதைத் தாங்குமோ, அதற்கேற்ற ஊஃபரை வாங்க வேண்டும். ஊஃபரை முதலில் வாங்கிவிட்டு, 'எப்படியாச்சும் மாட்டுங்கண்ணே' என்பது தலைகீழ்.

வீட்டில் சும்மா கிடக்கும் 8 ஓம் ஸ்பீக்கரைக் காரில் போடலாமா? ஆபத்தில்லை. ஆனால், 4 ஓமில் கிடைக்கும் வாட்ஸில் பாதிதான் அதற்குக் கிடைக்கும்.

மூன்றாவது பொருத்தம்: சென்சிடிவிட்டி

கடையில் யாரும் பேசாத எண் இது. ஆனால், பணத்தை மிச்சப்படுத்துவது இதுதான். 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் ஸ்பீக்கர் எவ்வளவு டெசிபல் தருகிறது என்பதைச் சொல்வது சென்சிடிவிட்டி.

86 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்று, 92 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்று. வித்தியாசம் 6 டெசிபல்தான். ஆனால், 92 ஸ்பீக்கர் 20 வாட்ஸில் தரும் சத்தத்தைத் தர 86 ஸ்பீக்கருக்கு 80 வாட்ஸ் வேண்டும், நான்கு மடங்கு.

அதனால், தனி ஆம்ப் வாங்கப் போவதில்லை, கம்பெனி ஸ்டீரியோவிலேயே ஓட்டப் போகிறோம் என்பவர்கள், வாட்ஸ் பெரிதாக இருக்கும் ஸ்பீக்கரைத் தேட வேண்டாம். சென்சிடிவிட்டி 90-க்கு மேல் இருப்பதைத் தேடினால் போதும். பெரிய வாட்ஸ், குறைந்த சென்சிடிவிட்டி ஸ்பீக்கரைக் கம்பெனி ஸ்டீரியோவில் மாட்டினால், 'புதுசு போட்டும் பழசை விட மந்தமா இருக்கே' என்றுதான் தோன்றும்.

ஒரு எச்சரிக்கை. சில கம்பெனிகள் 1 வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட் கொடுத்து அளந்ததாகப் போடும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 1 வாட். 4 ஓம் கார் ஸ்பீக்கருக்கு அது 2 வாட்ஸ்! அதாவது எண் 3 டெசிபல் கூடுதலாகத் தெரியும். ஒப்பிடும்போது இரண்டும் ஒரே முறையில் அளந்தவையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது பொருத்தம்: யார் எதைப் பாடுவது?

பேஸ் கிடாரின் தடித்த தந்தியைச் சும்மா மீட்டினால் வரும் ஒலி சுமார் 41 ஹெர்ட்ஸ். ஆண் குரலின் அடிநாதம் ஏறக்குறைய 85 ஹெர்ட்ஸிலிருந்து ஆரம்பிக்கும். வயலினின் மினுமினுப்பும், ஜாலராவின் கணீரும் பல ஆயிரம் ஹெர்ட்ஸில் இருக்கின்றன. ஆறரை இன்ச் கதவு ஸ்பீக்கர் ஒன்றே இத்தனையையும் பாட வேண்டும் என்றால் திணறும்.

ஆம்பில் இருக்கும் 'கிராஸ்ஓவர்' ஸ்விட்ச் இந்த வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது. ஆரம்பப் புள்ளியாக 80 ஹெர்ட்ஸ் வைக்கலாம். கதவு ஸ்பீக்கருக்கு 'ஹை பாஸ்' போட்டு 80-க்குக் கீழே இருப்பதைத் தடுத்துவிட வேண்டும். ஊஃபருக்கு 'லோ பாஸ்' போட்டு 80-க்கு மேலே இருப்பதைத் தடுத்துவிட வேண்டும். அடிநாதத்தைப் பாடக் கோன் முன்னும் பின்னும் ஓடும் தூரம்தான் கதவு ஸ்பீக்கரின் பெரிய சுமை. அதை எடுத்துவிட்டால், அதே ஸ்பீக்கர் இன்னும் சத்தமாக, இன்னும் தெளிவாகப் பாடும்.

ஊஃபர் எப்படிப்பட்ட பெட்டியில் இருக்கிறது என்பதும் முக்கியம். மூடிய பெட்டியில் பேஸ் இறுக்கமாக, 'தும்' என்று நிற்கும். ஓட்டை வைத்த பெட்டியில் அதே வாட்ஸுக்குச் சத்தம் கூடும். ஆனால், பெட்டியின் அளவு கணக்குப் பிசகினால் 'பொம்ம்...' என்று இழுக்கும். கடையில் தயாராக இருக்கும் ஏதோ ஒரு பெட்டியில் வைக்காமல், ஊஃபர் கம்பெனி சொல்லும் கன அளவில் பெட்டி அடிக்கச் சொல்ல வேண்டும். ஓட்டை வைத்த பெட்டி என்றால் ஆம்பில் 'சப்சானிக்' ஃபில்டரை ஆன் செய்வது கட்டாயம். இல்லாவிட்டால் மிகத் தாழ்ந்த ஒலியில் கோன் கட்டுப்பாடு இல்லாமல் ஆடிக் கிழியும்.

ஐந்தாவது பொருத்தம்: வண்டியின் மின்சாரம்

செட் போடும்போது உயிருக்கே உலை வைக்கக்கூடிய இடம் இதுதான்.

உதாரணமாக, நான்கு கதவு ஸ்பீக்கருக்குத் தலா 75 வாட்ஸ், ஊஃபருக்கு 300 வாட்ஸ். மொத்தம் 600. இப்போது வரும் 'கிளாஸ் டி' ஆம்புகள் வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தை ஸ்பீக்கருக்குத் தருகின்றன. அப்படியானால் முழு வேகத்தில் 750 வாட்ஸ் உள்ளே வர வேண்டும். 13.8 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 54 ஆம்பியர். பாட்டு எப்போதும் முழு வேகத்தில் ஓடாது, சராசரி இதைவிடக் குறைவுதான். ஆனாலும் உச்சம் வரும்போது வயர் தாங்க வேண்டும். 'கிளாஸ் ஏபி' வகை ஆம்ப் என்றால் இன்னும் கூடுதலாக இழுக்கும்.

இந்த அளவுக்கு 4 கேஜ் வயர், அதாவது சுமார் 21 சதுர மில்லிமீட்டர் குறுக்களவு, சரியாக இருக்கும். அதிலும் முழுச் செம்பா, செம்புப் பூச்சுப் போட்ட அலுமினியமா என்று கேட்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால், அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பில் சுமார் 60 சதவீதம். நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியம். அதைப் போட்டால் ஒரு அளவு தடிமனாகப் போட வேண்டும்.

பேட்டரியிலிருந்து ஆம்புக்குப் போகும் வயரில், பேட்டரிக்கு 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். 'ஆம்ப்லயே ஃபியூஸ் இருக்குண்ணே' என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். ஆம்பில் இருப்பது ஆம்பைக் காக்க. பேட்டரி அருகில் இருப்பது வயரைக் காக்க. ஏதோ ஓர் இரும்பு விளிம்பில் உரசி வயரின் தோல் கிழிந்து பாடியைத் தொட்டால், அந்த ஃபியூஸ் இல்லாத வண்டி சில நொடிகளில் தீப்பிடிக்கும். ஃபியூஸின் அளவு வயர் தாங்குவதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் மாட்டுவது, காவல்காரனைத் தூங்கச் சொல்வது.

எர்த் வயரும் அதே தடிமனில், முடிந்தவரை குட்டையாக, பெயின்ட்டைச் சுரண்டிய வெறும் இரும்பில் முறுக்க வேண்டும். இன்ஜினை ரேஸ் செய்யும்போது ஸ்பீக்கரில் 'வீ...' என்று ஒரு சத்தம் ஏறி இறங்கினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது எர்த். அடுத்தது, ஆடியோ கேபிளும் பவர் கேபிளும் ஒரே பக்கமாக ஓடுவது. ஒன்று வலது ஓரம், மற்றது இடது ஓரம் எனப் பிரித்துவிட வேண்டும்.

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அதிலும் ஆடியோவுக்கு 12 வோல்ட் பேட்டரிதான். அதற்கு சார்ஜ் வருவது ஒரு கன்வெர்ட்டர் வழியாக, அதற்கும் வரம்பு உண்டு. ஆரஞ்சு நிறக் கேபிள் எங்கே தெரிந்தாலும் கை வைக்கக் கூடாது. அது உயிரைப் பறிக்கும் உயர் மின்னழுத்தம்.

கெயின் என்பது வால்யூம் இல்லை!

ஐந்தும் பொருந்தி வந்த பிறகும் பலர் கோட்டை விடும் இடம், ஆம்பில் இருக்கும் 'கெயின்' திருகாணி. 'முழுசா வச்சாத்தானே முழு வாட்ஸ் வரும்' என்று கடைசி வரை திருப்பி வைத்துவிடுகிறார்கள். கெயின் என்பது, ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பழக்குவது மட்டும்தான். கூடுதலாக வைத்தால், ஸ்டீரியோவில் பாதி வால்யூமிலேயே ஆம்ப் கிளிப் ஆகத் தொடங்கிவிடும்.

சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் இருந்தால் இதை நாமே சரியாக வைக்கலாம்.

1. ஸ்பீக்கர் வயர்களை ஆம்பிலிருந்து கழற்றிவிடவும். பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர், கிராஸ்ஓவர் எல்லாவற்றையும் ஆஃப் செய்யவும். கெயினைக் கடைசி வரை குறைக்கவும்.

2. இன்ஜினை ஓடவிட்டு, 0 டெசிபலில் பதிவான 60 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஸ்டீரியோவில் ஓடவிடவும். வண்டி நிற்பது காற்றோட்டமான இடமாக இருக்கட்டும். சாதாரண மல்டிமீட்டர் வீட்டு கரண்டின் 50 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் துல்லியமாகக் காட்டும் என்பதால் இந்த டோன்.

3. ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பங்கு வைக்கவும். இனிமேல் வால்யூமின் எல்லை இதுதான்.

4. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் தொடவும். வேண்டிய வோல்ட் வரும் வரை கெயினை மெதுவாகக் கூட்டி நிறுத்தவும்.

வேண்டிய வோல்ட் எவ்வளவு? வாட்ஸையும் ஓமையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் வரும். 60 வாட்ஸ், 4 ஓம் என்றால் 240-ன் வர்க்கமூலம், அதாவது 15.5 வோல்ட். 250 வாட்ஸ், 4 ஓம் ஊஃபருக்கு 31.6 வோல்ட். ஆம்ப் 75 வாட்ஸ் தரக்கூடியதாக இருந்தாலும், ஸ்பீக்கர் 60 வாட்ஸ்தான் என்றால் 15.5-லேயே நிறுத்திவிடலாம். ஸ்பீக்கரைவிடப் பெரிய ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் காப்பு.

முடிந்ததும் டோனை நிறுத்தி, எல்லாவற்றையும் அணைத்த பிறகு ஸ்பீக்கரை மாட்டி, கிராஸ்ஓவரை மறுபடி 80-க்குக் கொண்டுவர வேண்டும்.

காசில்லாமலே கிடைக்கும் பேஸ்

புதிதாக எதையும் வாங்கும் முன் இரண்டு விஷயங்களைப் பார்க்கலாம். முதலாவது, பிளஸ் மைனஸ். ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் வயர் மாறியிருந்தால், ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். பேலன்ஸை நடுவில் வைத்து, பேஸ் அதிகமுள்ள பாட்டு ஒன்றைக் கேளுங்கள். ஒரு ஸ்பீக்கரின் வயரை மட்டும் மாற்றி மாட்டிப் பாருங்கள். பேஸ் கூடினால், இத்தனை நாள் தப்பாக இருந்தது என்று அர்த்தம்.

இரண்டாவது, கதவு. ஸ்பீக்கருக்குக் கதவுதான் பெட்டி. அதில் ஓட்டைகள் இருந்தால் கோனின் பின்பக்கக் காற்று முன்னால் வந்து பேஸை அழிக்கும். தகடு அதிர்ந்து கடகடக்கும். கதவுத் தகட்டில் பியூட்டைல் ஷீட் ஒட்டி, உள் ஓட்டைகளை மூடினால், அதே ஸ்பீக்கர் வேறு ஸ்பீக்கர் மாதிரி கேட்கும். அடியில் மழைத்தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது, கதவு துருப்பிடிக்கும். டயர் சத்தமும் கொஞ்சம் குறையும் என்பதால், மெல்லிய இடங்களுக்காக வால்யூமைக் கூட்ட வேண்டிய தேவையும் குறையும்.

பட்ஜெட் கையில் அடங்கவில்லை என்றால் இந்த வரிசையில் போகலாம்: முதலில் முன்கதவு ஸ்பீக்கரும் கதவு ஷீட்டும். அடுத்து நாலு சேனல் ஆம்ப். கடைசியாக ஊஃபர். பின்கதவு ஸ்பீக்கர் அவசரமே இல்லை. ஓட்டுபவர் கேட்பது முன்னால் இருந்து வரும் ஒலியைத்தான். வண்டி வாரன்ட்டியில் இருந்தால், கம்பெனி வயரை வெட்ட விடாமல், அந்த மாடலுக்கான கப்ளர் வாங்கி மாட்டச் சொல்ல வேண்டும். வயரை வெட்டிய வண்டிக்கு மின் கோளாறு வந்தால், வாரன்ட்டி கிடைக்காமல் போக வாய்ப்புண்டு.

காதுக்கும் ஒரு ஆர்.எம்.எஸ். உண்டு

ஸ்பீக்கரின் காயில் போனால் புதிது போடலாம். காதுக்குள் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் போனால் திரும்ப முளைக்காது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாக வேண்டும். 83-க்கு 20 மணி நேரம். 86-க்கு 10. 92 டெசிபலில் இரண்டரை மணி நேரம்தான் ஒரு வாரத்துக்கு. சென்னையிலிருந்து திருச்சி சேர்வதற்குள்ளேயே அந்த ஒதுக்கீடு தீர்ந்துவிடும். பின்சீட்டில், ஊஃபருக்குப் பக்கத்தில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால், அந்தக் காதுக்கும் இதே கணக்குதான்.

வெளியே இருப்பவர்களுக்கும் கணக்கு இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. கண்ணாடியை இறக்கிவிட்டு ஊருக்கே பேஸ் போடுவது நல்ல செட்டுக்கு அடையாளம் இல்லை. பின்னால் வரும் ஆம்புலன்ஸ் சைரன் காதில் விழவில்லை என்றால், சத்தம் கூடுதல்.

கடைக்குப் போகும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

● ஆம்ப், ஸ்பீக்கர் இரண்டின் ஆர்.எம்.எஸ். எவ்வளவு? எத்தனை ஓமில்?
● ஆம்ப் குறைந்தபட்சம் எத்தனை ஓம் தாங்கும்? பிரிட்ஜ் செய்தால்?
● ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி என்ன? 1 வாட்டிலா, 2.83 வோல்ட்டிலா?
● வயர் முழுச் செம்பா? எத்தனை கேஜ்?
● பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் வைப்பீர்களா?
● கெயினை மீட்டர் வைத்துச் செட் செய்வீர்களா?

இந்த ஆறுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் கடைக்காரர், பொருளைவிட மதிப்பானவர். "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம் தம்பி" என்று மட்டும் பதில் வந்தால், ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த கடையைப் பார்க்கலாம்.

வேலை முடிந்த பிறகு சோதிக்க, கடையில் ஓடும் பேஸ் பாட்டு வேண்டாம். நமக்கு நன்றாகப் பழகிய, மெல்லிய இடமும் உச்சமும் இருக்கிற ஒரு பாட்டைப் போட வேண்டும். வயலின் கேட்க வேண்டும், கோரஸ் எழும்போது குரல் கிழியக் கூடாது, இடையில் கை வால்யூமுக்குப் போகக் கூடாது. அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி, அறந்தாங்கி தாண்டி கடைசி 14 கிலோமீட்டர் வரைக்கும் அந்தக் கை ஸ்டீரிங்கிலேயே இருந்தால், பொருத்தம் சரியாக அமைந்துவிட்டது என்று அர்த்தம்.